கல்லொட்டிகள் விற்பனைக்கு இல்லை

விராலிமலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வண்ணமீன் கடை வைத்திருப்பவள் பிரகதீஸ்வரி. கணவன் திருப்பதி குவைத்தில் டிரைவர். கடையெல்லாம் வேண்டாம், வீட்டோடு இரு என்று அவன் போனில் சொன்ன வாரமே அவள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். வீட்டோடு இருந்து பார்த்தாயிற்று என்பதுதான் அவள் சொன்ன ஒரே காரணம்.

திருச்சி வியாபாரி செல்லமுத்துதான் அவளுக்கு மீன் கொண்டுவந்து போடுவார். சித்திரையில் ஒருநாள், வழக்கமான பைகளோடு புதிதாக ஒன்றையும் இறக்கினார். உள்ளே விரல் நீளத்தில், பாசி நிறத்தில் சில மீன்கள். கல்லொட்டி என்றார். மலை ஓடையில் பிடித்தவை, தொட்டியில் படியும் பாசியைத் தின்றுவிடும், நன்றாக விலைபோகும் என்றார்.

மறுநாள் இரண்டு செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செல்லமுத்துவுக்குப் போன் செய்து கேட்டாள். செத்துப்போவதற்குள் விற்றுவிடு, வாங்கியவன் வீட்டில் செத்தால் நமக்கென்ன என்றார் அவர். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

வீட்டுக்குப் போய்ப் பழைய ஏர் கூலரைப் பிரித்து, தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கழற்றி வந்தாள். நீளத் தொட்டியில் உருண்டைக் கற்களை அடுக்கி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மிதக்கவிட்டு, மீன்களை விட்டு மோட்டாரைப் போட்டாள். பக்கத்து டீக்கடை ஆத்மநாதன், குடிக்கவே தண்ணீர் வராத ஊரில் ஓடை வெட்டுகிறாள் என்று சிரித்தார்.

தண்ணீர் சீறியதும் மீன்கள் மறுகோடிக்கு அடித்துச் செல்லப்பட்டன. கொன்றுவிட்டோமோ என்று அவள் கை சுவிட்சுக்குப் போனது. அதற்குள் ஒன்று நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பியது. பாய்ந்து ஒரு கல்லைப் பிடித்தது. பக்கத் துடுப்புகளை விரித்து, வயிற்றைக் கல்லோடு அழுத்தியது. தண்ணீர் அதன் முதுகின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது. கீழுதட்டை அடுத்து வட்டமாகத் தடித்த சதை கண்ணாடியில் பதிந்திருப்பதை அருகில் போய்ப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்ததில் அன்று அவள் மதியம் சாப்பிடவில்லை.

அதன்பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. செய்தி கேட்டு செல்லமுத்து வந்தார். ஒரு ரிசார்ட்டில் கேட்கிறார்கள், எல்லாவற்றையும் பையில் போடு என்றார்.

"விக்கிறதுக்கு இல்லீங்கண்ணே."

"நான் கொண்டாந்த மீனும்மா."

"சாகுற மீனத்தான் காசுக்குக் குடுத்தீங்க. பொழைக்க வச்சது நான். இனிமே ஓடையில புடிச்சத இங்கிட்டுக் கொண்டாராதீங்க."

"அப்ப வேற மீனும் வராது."

"வர வேணாங்க."

அந்த மாதம் கடையில் பாதித் தொட்டிகள் காலி. விஷயம் தெரிந்து திருப்பதி போனில் கத்தினான். அவள் போனை ஓடும் தண்ணீர் அருகே சற்று நேரம் பிடித்துவிட்டுச் சொன்னாள்: "கேட்டுச்சுல்ல? இது நிக்காது."

கொல்லையில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி கப்பி, மோலி என்ற சின்ன வண்ணமீன்களைத் தானே வளர்த்தாள். முதல் இரண்டு ஈடு குஞ்சுகள் வெயிலில் செத்தன. தென்னங்கீற்று வேய்ந்தாள். ஆவணியில் கடை மறுபடி நிறைந்தது.

லீவில் வந்த திருப்பதி கரண்டு பில்லைப் பார்த்து முணுமுணுத்தான். வாசலில் ஆள் வந்து நிற்கவே, "பாட்டில்ல ஐஸ் உருகிருச்சு, மாத்திப் போடுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் வியாபாரத்தைப் பார்க்கப் போனாள்.