பௌர்ணமியில் கூடிய கிராம சபை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். பொய்யில்லை. ஆனால் அடி அண்ணாமலையில் நான் வார்டு உறுப்பினராக இருந்தபோது, ஒரே ஒருமுறை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நான் செய்த உருப்படியான அரசியல் அதுதான்.

கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் ஊராட்சிக்கு ஒரு களம் இருக்கிறது. அறுவடை முடிந்தால் அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயும். பௌர்ணமி வந்தால் கடைகள் முளைக்கும். சாலையோரம் முதல் கடை என் அக்காவுடையது. இட்லி, வடை, சுக்குக் காபி. மாமா போன பிறகு இரண்டு பெண்களையும் அவள் காலேஜ் வரை படிக்கவைத்தது அந்த இடத்தில் உட்கார்ந்துதான்.

பௌர்ணமியன்று மத்தியானத்துக்கு மேல் அக்கா தண்ணீர் குடிக்கமாட்டாள். கடை போடும் பெண்கள் யாருமே குடிக்கமாட்டார்கள். சாலை நிறைய ஜனம் நகர்ந்துகொண்டிருக்கும்போது, ஒதுங்க எங்கே போவது? நெருப்பு முன்னால் உட்கார்ந்து, நாக்கு வறண்டு, சிரித்த முகமாக இட்லி எடுத்துப் போடுவாள்.

அதனால்தான் சென்னையிலிருந்து ஒரு தனியார் கம்பெனி வந்து, களத்தில் கழிப்பறை கட்டித் தருகிறோம் என்றபோது குதிக்காத குறையாக சந்தோஷப்பட்டேன். நிலம் ஊராட்சியுடையது, கட்டும் செலவு அவர்களுடையது. கழிப்பறையோடு வண்டி நிறுத்துமிடம், பெரிய ஓட்டல் எல்லாம் வரும். பல வருஷத்துக்கு அவர்களே நடத்தி, வசூலில் ஊராட்சிக்குப் பங்கு தருவார்கள். நல்ல ஏற்பாடுதானே! நிபந்தனைகளைப் படித்த பிறகுதான் சந்தோஷம் இறங்கியது. களத்தின் முகப்பில் வேறு யாரும் கடை போடக்கூடாது. கழிப்பறைக்குக் கட்டணம். யாருக்காகக் கழிப்பறை வேண்டும் என்று நினைத்தேனோ, அவர்களையே கிளப்பிவிட்டு அது வரப்போகிறது.

கிராம சபை ஒப்புக்கொள்ளாமல் நிலத்தைக் கொடுக்க முடியாது. எந்த நாளில் கூட்டுவது என்று ஊராட்சி அலுவலகத்தில் பேச்சு வந்தது. கம்பெனி மேனேஜர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "பௌர்ணமி அன்னைக்கே வச்சுக்கலாம் மேடம். நல்ல நாள்" என்றார்.

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. ஊரே வியாபாரத்தில் இருக்கும். கூட்டத்துக்குத் தேவையான தலைகள் மட்டும் வரும், கையைத் தூக்கும், முடிந்தது. கோபம் தொண்டை வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் தீபாவளிக்கு வராதவன்கூட பௌர்ணமிக்கு வருவான். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள், கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் எல்லோரும் லீவு போட்டு வந்து நிற்பார்கள். வராவிட்டால் தேங்காய் துருவ ஆள் ஏது?

கோபத்தை விழுங்கிவிட்டு, "ஆபீஸ்ல இடம் கம்மிங்க. களத்துலயே பந்தல் போட்டுடலாமே" என்றேன்.

"சூப்பர் மேடம். இடத்தையும் காட்டின மாதிரி இருக்கும்" என்றார், பாவம்.

பௌர்ணமி காலையில் அவர் பெரிய பேனரைக் கட்டிவிட்டுத் திரும்பினால், பந்தலுக்குள் நிற்க இடமில்லை. யாரும் எங்கிருந்தும் வரவேண்டியிருக்கவில்லை, எல்லோரும் ஏற்கனவே களத்தில்தான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் கரண்டியோடும், இடுப்பில் மாவுக் குண்டானோடும் அப்படியே வந்து நின்றார்கள். அத்தனை கூட்டம் எந்த கிராம சபைக்கும் வந்ததில்லை. மேனேஜர் முகத்தைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, மறைப்பானேன்!

பேனரில் வழவழப்பான கட்டடம், வரிசையாகக் கார்கள், தோள்பை மாட்டிய வெளிநாட்டுக்காரர்கள். அக்கா கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"சார், இந்தப் படத்துல நான் எங்க உக்காந்துனு இருக்கேன்?"

அவர் பேனரில் ஓட்டல் கட்டடத்தைத் தொட்டுக் காட்டினார். "உங்களுக்கு உள்ளயே வேலை போட்டுத் தரோம்மா."

"இன்னாத்துக்கு? இங்க நான் மொதலாளி."

பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. அதற்கப்புறம் நான் வாயைத் திறந்தேன். சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. கழிப்பறை எங்களுக்கு வேண்டும், ஓட்டலும் வரட்டும், ஆனால் முகப்பு எங்கள் பெண்களுடையது, கழிப்பறைக்கு ஊர்க்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் காசு வாங்கக்கூடாது. இதைத் தீர்மானத்தில் எழுதினால் கை தூக்குகிறோம், இல்லாவிட்டால் மல்லாட்டை காயட்டும் என்றேன்.

"ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்கமாட்டாங்க மேடம்."

"கேட்டுட்டு வாங்க. நாங்க இங்கதான் வடை சுட்டுனு இருப்போம்" என்றாள் அக்கா.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்த நிபந்தனைகளோடு தீர்மானத்துக்கு யாரெல்லாம் சம்மதம் என்று கேட்டார். கைகள் எழும்பின. அக்கா கரண்டியோடு தூக்கினாள். எதிர்த்து ஒருவரும் தூக்கவில்லை. மேனேஜர் போனும் கையுமாக நடந்து நடந்து, கடைசியில் பசி தாங்காமல் அக்கா கடையில் வந்து உட்கார்ந்தார். அவள் தட்டில் இட்லி வைத்து, ஒரு வடையும் சேர்த்துப் போட்டாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

கம்பெனி கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டது. அந்த மாதிரி சாலையோர இடம் வேறெங்கும் கிடைக்காது என்று தெரிந்ததும் எங்கள் நிபந்தனைகளுக்கே கையெழுத்துப் போட்டது.

கட்டடம் திறந்த பிறகு வந்த முதல் பௌர்ணமி. வெயில் சாய்ந்து கூட்டம் திரளத் தொடங்கியிருந்தது. ஓட்டலின் விளக்குகளுக்கு முன்னால் அக்கா தன் பழைய இடத்தில் இட்லிப் பானையை இறக்கிவைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கண் நிறைந்துவிட்டது.

காலி சொம்பை என்னிடம் நீட்டினாள்.

"இன்னாடி பாக்குற? இன்னொரு சொம்பு மொண்டுனு வா."