அஞ்சரைக் கட்டை

கடலோரத்தில் கீபோர்டு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கருப்புக் கட்டைகள் எப்போதும் பிசுபிசுவென்றுதான் இருக்கும் என்பார்கள். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலையும், அதில் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் கன்டெய்னர் லாரிகளும்தான். உப்புக் காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்து கட்டைகளின் மேல் ஒரு பசையாகப் படிந்துவிடும். வெள்ளைக் கட்டைகளில் என் விரல் சதா ஓடிக்கொண்டே இருந்ததால் அவை சுத்தமாக இருந்தன. கருப்பை நான் தொடுவதே அபூர்வம். தொட்டால் முதலில் ஜில்லென்று இருக்கும், அப்புறம் விரலைப் பிடித்துக்கொள்வது போல ஒட்டும். பன்னிரண்டு வயதில் எனக்கு அதுவே பெரிய பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அந்த வருஷமே வரப்போகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சங்கீதப் பரிச்சயம் இல்லாதவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாடுகிறவர் தன் 'ஸ'வை எந்தக் கட்டையில் வைத்துக்கொள்கிறாரோ அதுதான் அவருடைய கட்டை. முதல் வெள்ளையில் வைத்தால் ஒரு கட்டை, அதற்கடுத்த கருப்பில் வைத்தால் ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு, இப்படியே போகும். ஒவ்வொருவருக்கும் ஒரு செல்லக் கட்டை உண்டு, ஒரு சனியன் பிடித்த கட்டையும் உண்டு. கிடார்காரர்களுக்கு மூன்று கட்டை என்றால் கொண்டாட்டம், தந்தி சும்மா அதிர்ந்தாலே போதும். புல்லாங்குழல்காரர்கள் கட்டைக்கு ஒரு குழலாகப் பை நிறையத் தூக்கிக்கொண்டு வருவார்கள். என்னைப் போன்ற அரைகுறைக் கீபோர்டு ஆட்களுக்கு ஒரு கட்டைதான் சொர்க்கம், ஏனென்றால் கை பெரும்பாலும் வெள்ளையிலேயே ஓடும். ஒன்றரை, அஞ்சரை என்றாலோ கருப்பும் வெள்ளையுமாக விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும்.

இதில் மூன்றரை என்று ஒரு கட்டை கிடையவே கிடையாது. மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவது வெள்ளைக்கும் இடையில் கருப்பே இல்லை. எங்கள் மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேருகிற யாராக இருந்தாலும் முதல் ஒத்திகையிலேயே பாஸ்கர் அண்ணன், "எங்க, ஒரு மூணரை குடு பாக்கலாம்" என்பார். வந்தவர் குனிந்து கட்டையைத் தேட, குழுவே சிரிக்கும். நானும் தேடியிருக்கிறேன்.

பாஸ்கர் அண்ணன்தான் குழுவை நடத்தியவர், ரிதம் பேடும் அவர்தான் வாசிப்பார். குழுவின் பாடகி என் அம்மா மல்லிகா. வாரநாட்களில் காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் மேடை. அம்மாவின் குரல் அஞ்சரைக் கட்டையில் நின்றால் அப்படி நிற்கும், அதனால் அம்மாவை யாரும் வெறும் மல்லிகா என்று கூப்பிட்டதே இல்லை. 'அஞ்சரை மல்லிகா' என்றுதான் நோட்டீசில்கூட அச்சடிப்பார்கள். பழைய கீபோர்டுக்காரர் துபாய்க்குப் போய்விட்டபோது, கேட்டதைத் தடவித் தடவி வாசித்துவிடும் என்னைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள்; சின்னப் பெண் வாசிப்பதைப் பார்க்க ஜனங்கள் கூடியதால் தற்காலிகம் நிரந்தரமானது.

அம்மாவுக்கு அஞ்சரை, எனக்கோ ஒரு கட்டையை விட்டால் கதியில்லை. இந்த இரண்டுக்கும் பாலம் போட்டது கீபோர்டில் இருந்த ஒரு பட்டன். அதற்கு 'ட்ரான்ஸ்போஸ்' என்று பெயர். அதை அழுத்தி, சின்னச் சிவப்பு எழுத்தில் 'மைனஸ் நாலு' என்று வர வைத்துவிட்டால், நான் பாட்டுக்கு வெள்ளையில் வாசிப்பேன், ஸ்பீக்கரில் அஞ்சரைக் கட்டை கேட்கும். வித்வான்கள் இதைக் கேவலமாக நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். பட்டனை மாற்ற மறந்து அடுத்த பாட்டைத் தப்பான கட்டையில் ஆரம்பித்துவிடுவதும், பாடகர் திரும்பி முறைப்பதும் எல்லா மேடையிலும் நடக்கிற கூத்துதான்.

அந்தத் தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் அம்மா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பாப்பா, மூணரை" என்றாள். டோலக் வாசிப்பவர் பழைய ஜோக் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கண்ணால் பட்டனைக் காட்டினாள். இறக்கச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு தட்டுத் தட்டினேன், மைனஸ் அஞ்சு. அம்மாவின் அஞ்சரை அன்றைக்கு அஞ்சாக இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு ஷெட்ல ஐஸ் ஜாஸ்தி, தொண்ட கட்டிகிச்சி, அவ்ளோதான். பாஸ்கர் கைல சொல்லாத" என்றாள். சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் எனக்கே தெரியும். "நம்ம குரூப்ல எறக்கிப் பாடுற வேலையே கெடியாது" என்பது பாஸ்கர் அண்ணனின் பெருமை, மைக் டெஸ்டிங் போலவே ஒவ்வொரு மேடையிலும் அதைச் சொல்லுவார். தாளம் ஒரு மயிரிழை பிசகினால் துள்ளுவாரே தவிர, பாட்டு எந்தக் கட்டையில் போகிறது என்று கேட்டுச் சொல்லும் காது அவருக்கு இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இல்லை. எனவே யாருக்கும் தெரியவில்லை. மாசியில் மைனஸ் ஆறு. 'மூணரை' என்ற வார்த்தை எங்கள் இருவருக்கும் மட்டுமான ரகசியமாகிவிட்டது. அதைக் கேட்டு மேடையே சிரிக்கும், நான் மட்டும் குனிந்து பட்டனைத் தட்டுவேன்.

பங்குனியில் ஒரு நாள் மாட்டிக்கொள்ள இருந்தோம். மாணிக்கம் அண்ணன் என்று ஒரு புல்லாங்குழல்காரர் எப்போதாவது வருவார். அன்று அவர் வந்து அஞ்சரைக் குழலை எடுத்து வாயில் வைத்து ஊதினதும், என் கீபோர்டும் அவர் குழலும் காது கூசுகிற மாதிரி மோதிக்கொண்டன. ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா பாப்பா, பொட்டி ஒரு முழுக்கட்ட எறங்கிக்கீது?" "பட்டன மறந்துட்டேன் அண்ணே" என்றேன். "அதானே பாத்தேன்" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பட்டனைப் பழைய எண்ணுக்கு ஏற்றினேன். அன்று அம்மா இரண்டு பாட்டை முழு அஞ்சரையில் பாடினாள். பாடி முடித்து மேடைக்குப் பின்னால் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், இருமல் நிற்கவே இல்லை. முதுகைத் தடவப் போன என் கை கழுத்துப் பக்கம் பட்டது. அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

அம்மா சட்டென்று முந்தானையைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மாதக்கணக்கில் அவள் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க பெரிம்மா இப்டித்தான் கய்த்துல கட்டின்னு ஆஸ்பத்திரிக்கு நடந்து போனா. வரசொல்லோ தூக்கினு வந்தாங்க" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "உங்க நைனாகிட்ட வாயத் தொறந்த, நான் செத்துடுவேன். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது பேச்சு வழக்கு என்று தெரியுமா? என் வாயில் ஒரு வார்த்தை வந்தால் அம்மா அங்கேயே விழுந்து செத்துவிடுவாள் என்று நான் மெய்யாகவே நம்பினேன். நைனா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை முடித்து வந்து, "இன்னா கண்ணு, ஸ்கூல்ல இன்னா விசேஷம்?" என்று கேட்டால், வாயைத் திறக்கவே பயமாக இருக்கும், எங்கே வேறு வார்த்தைக்குப் பதில் அந்த வார்த்தை வந்து தொலைத்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன். சாப்பிடும்போது அம்மா தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்குவாள். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தட்டையே பார்ப்பேன். சித்திரையில் மைனஸ் ஏழு, வைகாசி முடிவதற்குள் மைனஸ் எட்டு. அம்மா எவ்வளவு தூரம் இறங்கிவிட்டாள் என்பது உலகத்திலேயே என் ஒருத்திக்குத்தான், அந்தச் சிவப்பு எழுத்தில் தெரிந்தது. அது எதுவரைக்கும் இறங்கும் என்று ஒரு நாள் யாரும் இல்லாதபோது அழுத்திப் பார்த்தேன். மைனஸ் பன்னிரண்டோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் பட்டன் அசையவில்லை. இன்னும் நாலுதான் பாக்கி என்று கணக்குப் போட்டேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக் குப்பம் ஒன்றில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். மத்தியானம் கூழ், நாலு மணிக்கு எங்கள் கச்சேரி. வெயில் இறங்காத மணலில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். லீவு நாளில் குழுவுக்கு ஒயர் இழுத்துக்கொடுக்க வரும் நைனா, ஒயர் சுருள்களோடு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார். முதல் நாலைந்து பாட்டுகளை பாஸ்கர் அண்ணனே பாடிச் சமாளித்தார். அப்புறம் மைக்கில், "இப்போ உங்க அஞ்சரை மல்லிகா, அம்மன் பாட்டு" என்றார். விசில் பறந்தது. அந்தப் பாட்டில் சரணத்தின் கடைசியில் குரல் மேலே ஏறி ஒரு நீண்ட இழுப்பு இருக்கிறது, அந்த இழுப்புக்குத்தான் விசில்.

அம்மா திரும்பினாள். "பாப்பா, மூணரை."

டோலக்காரர் வழக்கம்போலச் சிரித்தார். பாஸ்கர் அண்ணனின் பாட்டுகளுக்கு வைத்த மைனஸ் நாலிலேயே பட்டன் இருந்தது. நாலு தட்டுத் தட்ட வேண்டும். என் விரல் பட்டனுக்குப் போகவில்லை. யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், ஆமாம், மூன்று நாளாக யோசித்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே சத்தியம்? நான் வாயைத் திறக்கவில்லையே. முன்னிசையை அஞ்சரையிலேயே வாசித்தேன்.

முதல் வரி கீழே இருந்ததால் தப்பியது. இரண்டாவது வரியில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பாடிக்கொண்டே பக்கவாட்டில் என்னைப் பார்த்தாள், இடையிசையில் குனிந்து, "மூணரைடி" என்று கெஞ்சினாள். நான் வெள்ளைக் கட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் கேட்டது. சரணம் ஏற ஏற அம்மாவின் குரல் கிழிந்துகொண்டே போனது, அந்த இழுப்புக்கு வாயைத் திறந்தபோது குரலே வரவில்லை, காற்று மட்டும் மைக்கில் புஸ்ஸென்று கேட்டது. சில பேர் சிரித்தார்கள். ஊளையிட்டார்கள். அம்மா இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள், முந்தானை நழுவியது, மேடைக்கு ஏறி ஓடி வந்த நைனா அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டார்.

"பட்டன மறந்துட்டேம்மா" என்று நான் கத்தினேன். அழுதேன், அது நடிப்பில்லை.

"மெர்சலாவாத பாப்பா, பட்டன மறக்காத கீபோர்டு பிளேயர் ஒலகத்துலயே கெடியாது" என்று பாஸ்கர் அண்ணன் என்னைத் தட்டிக்கொடுத்தார். அந்த மனுஷரின் நல்ல மனசு எனக்கு முள்ளாகக் குத்தியது.

மறுநாளே நைனா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆப்பரேஷன் நடந்த காலையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பட்டனை அழுத்தாமல் விட்டதும் சொன்னதாகத்தான் கணக்கோ, சத்தியம் பலித்துவிடுமோ என்று சாமியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வேன். கடைசியில் டாக்டர் வந்து, கட்டி மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆபத்து என்றார். உயிருக்குப் பயமில்லை என்றார். குரல் நரம்பையும் சுற்றிக்கொண்டிருந்ததால், பாட்டு இனி கஷ்டம் என்றார்.

அம்மா பிழைத்தாள். இன்றைக்கும் விம்கோ நகரில் என்னோடுதான் இருக்கிறாள். பேசினால் உமியை மிதிப்பது போல ஒரு கரகரப்பு. பாஸ்கர் அண்ணனின் குழு கலைந்து எவ்வளவோ காலமாகிறது. ஆடிக்கு இப்போது குழுவுக்குப் பதில் ஒரு பென் டிரைவ்தான் வருகிறது. பாடுகிறவர்களுக்கு ஏற்றபடி கட்டையை மாற்ற போனில் ஒரு தட்டுப் போதும். எனக்குக் கருப்புக் கட்டைப் பயமெல்லாம் போய்விட்டது, பட்டனைத் தொடாமல் எந்தக் கட்டையிலும் வாசிப்பேன். அம்மாவின் அஞ்சரை மட்டும் எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோக்களில்கூட எங்கள் பாட்டை அழித்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அதைக் கேட்ட காதுகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அம்மா இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள், "எம் பொண்ணு பட்டன மறந்தா, நான் பொயச்சேன்" என்று. போன மாதம் அப்படிச் சொல்லக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி எழுந்து போனதும், என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "நான் மறக்கலம்மா, வேணும்னுதான் வுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அரிந்து முடித்தாள்.

"நல்லதுதான் பண்ண. உசுரோட கீறேன் இல்ல" என்றாள். அப்புறம், தலையை நிமிர்த்தாமலே, "அந்தப் பாட்ட மட்டும் முடிக்க வுட்டுட்டு, அடுத்த பாட்டுல பண்ணியிருக்கலாம்டி" என்றாள்.

இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.