சயனிடோன்னா சயனைடா?

இன்னைக்குக் காலையில மாடம்பாக்கம் பஸ்ல உட்கார்ந்து பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன். அணைவுச் சேர்மங்களுக்குப் பேர் எழுதுற கேள்வி.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தாங்க. திருமுடிவாக்கத்துல வெள்ளி முலாம் பூசுற கம்பெனியில வேலையாம்.

இங்கிலீஷ்ல இருந்ததை எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க. "பொட்டாசியம் டைசயனிடோ அர்ஜென்டேட்... எங்க டப்பாவுலயும் இதே பேருதான் கீது டீச்சர். நாங்க வெள்ளி உப்புன்னுதான் சொல்வோம். சயனிடோன்னா இன்னா?"

"சயனைடுதான், அக்கா. விஷம். கையுறை போடுறீங்களா?"

"கேட்டா குடுப்பாங்க. உப்புதானேன்னு நான் கேக்கல."

ஒரு துண்டுச் சீட்டுல அந்தப் பேரைத் தமிழ்ல எழுதி, பக்கத்துல 'விஷம்'னு போட்டுக் குடுத்தேன். பர்ஸுல மடிச்சு வெச்சுக்கிட்டு தாம்பரத்துல இறங்கிட்டாங்க. அவங்க நம்பர்கூட நான் வாங்கல.

மூணு பீரியட் எடுத்தும் மனசு ஒரு இடத்துல நிக்கல. பன்னிரண்டு வருஷமா அந்தப் பேருக்கு ரெண்டு மார்க் போடுறேன். ஒரு உயிரையே காப்பாத்தக்கூடிய பேருக்கு எவ்வளவு போட்டிருக்கணும், நீங்களே சொல்லுங்க.