நாலு நாள் தீனி

எங்கள் கழிவுநீர் நிலையத்தில் தொட்டியக்கா என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவிவிடுகிற சேறு, மூடிய பெரிய தொட்டி ஒன்றுக்குள் போகும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவை விடும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும், மின்சாரம் வரும். எஞ்சின் என் பொறுப்பு, தொட்டி அவள் பொறுப்பு. விடுதியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், இங்கே கூட்டிப் பெருக்க வந்து, பதினோரு வருஷத்தில் தொட்டியைக் கரைத்துக் குடித்துவிட்டாள். வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை.

நுண்ணுயிர் என்றெல்லாம் சொல்லமாட்டாள். "உள்ள இருக்கிறவங்க" என்பாள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை, வேளைக்குப் பத்து நிமிஷம் பம்பை ஓட்டிச் சேறு கொடுப்பாள். ஒரு நிமிஷம் கூடாது, குறையாது. பம்ப் அறைச் சாவி எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும்.

மகளுக்குப் பிரசவம் என்று நாலு நாள் விடுப்பு எடுத்தபோதுதான் அந்தச் சாவி என் கைக்கு வந்தது.

"தம்பி, வேளை தப்பிடாதே."

"உள்ள இருக்கிறவங்களுக்கு விருந்தே வைக்கிறேன். நீங்க பேரப்பிள்ளையைப் பார்த்துட்டு வாங்கக்கா."

வாய்க்கொழுப்பு. பம்ப் அறை வளாகத்தின் கடைசியில் இருந்தது, வெளியே விடாத மழை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பதிவேட்டில் மட்டும் வேளை தவறாமல் கையெழுத்துப் போட்டேன். நாலாம் நாள் காலை சேற்றுக்குழி விளிம்பு வரை தளும்பியது. ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் பம்பை ஓட்டிக் குழியைக் காலி செய்தேன். நாலு நாள் தீனி உள்ளே போய்விட்டது, கணக்கு நேராகிவிட்டது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மறுநாள் திரும்பி வந்த அக்கா, சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு குவளை பிடித்து முகர்ந்தாள். முகம் சுண்டிவிட்டது.

"புளிச்சுப்போச்சு."

புளிப்பை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தோம். ஏழுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது, ஆறு புள்ளி மூன்றில் நின்றது. எண் குறையக் குறையப் புளிப்பு ஏறுகிறது என்று அர்த்தம். மதியத்துக்குள் வாயு குறைந்து, எஞ்சின் இருமி நின்றது.

பொறியாளர் பதிவேட்டோடு வந்தார். "தீனி வேளாவேளைக்குப் போயிருக்கு. அப்படியும் வாயு இல்லேன்னா பத்தலைன்னு அர்த்தம். ரெண்டு மடங்கா ஓட்டுங்க."

"பசி இல்ல சார், அஜீரணம். உள்ள ரெண்டு கூட்டம் இருக்கு. ஒண்ணு சேத்தைத் தின்னு புளிப்பாக்கும். இன்னொண்ணு அந்தப் புளிப்பைத் தின்னு வாயுவாக்கும். ரெண்டாவது ரொம்ப மெதுவு. புளிப்பு ஏறிடுச்சுன்னா அது செத்துரும். இப்ப பட்டினிதான் போடணும்."

"நோட்டு அப்படிச் சொல்லலியேம்மா. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க. அன்னிக்கு எஞ்சின் ஓடலேன்னா தொட்டியை மூடிடுவாங்க. அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நேரத்துக்குத்தானே குடுத்தே?"

"ஆமாக்கா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பொறியாளர் அவளிடமிருந்து சாவியை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீ போய் ஓட்டு."

போனேன். பூட்டைத் திறந்தேன். பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தினால் அவளுடைய பதினோரு வருஷம் போச்சு. அழுத்தாவிட்டால் என் பிழைப்பு போச்சு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா தொட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். மூன்று நாள் பட்டினி, மூன்று மணி நேரப் பம்ப், பொய்க் கையெழுத்து, எல்லாம். பொறியாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அக்கா பேனாவை நீட்டி, "முதல்ல நோட்டைத் திருத்து" என்றாள்.

தீனியை நிறுத்தினோம். சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். செவ்வாய் ஆறு புள்ளி ஒன்றுக்கு இறங்கியது. ஆறுக்குக் கீழே போனால் பிழைக்காது என்று அக்கா சொல்லியிருந்தாள். புதன் அதே ஆறு புள்ளி ஒன்று. மீட்டர் பழுதோ என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வியாழன் ஆறு புள்ளி நாலு. வெள்ளிக்கிழமை காலை ஆறு புள்ளி ஏழு. அதிகாரிகளின் கார் வாசலில் நுழைந்தபோது எஞ்சின் பொத்தானைத் தட்டினேன். இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டி தப்பியது, அக்காவின் வேலையும் தப்பியது. எனக்கு ஒரு மாதத் தற்காலிக நீக்கம், அதோடு விட்டார்கள். திரும்பி வந்த நாளில் வழக்கம்போல் பாதி டீயை என் குவளையில் ஊற்றினாள். ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவள் விடுப்பே எடுக்கவில்லை. பேரனுக்கு இப்போது இரண்டு வயது. அவனை அவள் போனில்தான் பார்க்கிறாள். போன வாரம், "நான் பார்த்துக்கிறேன், போய்ட்டு வாங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி" என்று சிரித்தாள். அவள் கை தன்னையறியாமல் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.