மைதா இல்லாத காரா பன்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஞானதுரையின் பேக்கரியில், பொழுது விடிந்ததும் முதலில் வெளியே வருவது காரா பன் தட்டுதான். வெங்காயமும் பச்சைமிளகாயும் கருவேப்பிலையும் வெந்த வாசனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களையும் இழுத்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு வரும் ஏட்டம்மா மாரிக்கனி, ரெண்டு பன்னும் ஒரு டீயும் முடித்துவிட்டுத்தான் படியேறுவார். சாயங்காலம் இறங்கும்போது இன்னும் ரெண்டு. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

மாரிக்கனி பிறந்தது கூமாப்பட்டியில். அப்பா சின்னக்கருப்பன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து தென்னையும் நெல்லுமாக இருந்தவர். மகளை போலீசுக்கு அனுப்பியது அவர்தான். போலீஸ் வேலையில் மாரிக்கனிக்கு ரொம்பப் பிடித்தது பந்தோபஸ்து. திருவிழாக் கூட்டம் கட்டுமீறிப் போகும் இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். லத்தியைத் தூக்க மாட்டார். ஒரு சத்தம் போடுவார், கூட்டம் ஒதுங்கும்.

போலீஸ்காரர்களுக்காக நடந்த மருத்துவ முகாமில்தான் சுகர் இருப்பது தெரிந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அரிசியைக் குறைக்கச் சொன்னார்கள், பேக்கரிப் பக்கமே போகக்கூடாது என்றார்கள். மாரிக்கனி மாத்திரையைப் போட்டார். பன்னை விடவில்லை. "இம்புட்டு நடக்கோம், வெயில்ல நிக்கோம், அதுல கரைஞ்சு போவும்" என்பது அவர் கணக்கு.

ஒருநாள் பூட்ஸ் கடித்து இடது சுண்டுவிரலில் புண் வந்தது. வாரங்கள் போயும் ஆறவில்லை. கட்டுப் போடும்போது கீழே குனிந்து பார்த்தவருக்கு அப்பாவின் கால் ஞாபகம் வந்துவிட்டது. சின்னக்கருப்பனுக்கும் சுகர்தான், இப்படித்தான் ஒரு விரலில் ஆரம்பித்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். எல்லையில் பனியில் நின்ற மனுசன், கட்டிலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணிக்கு ஆள் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

புண் ஒருவழியாக ஆறியது. ஆறிய அன்று மாரிக்கனி வீட்டில் சொன்னார்: "இனிமே இந்தச் சுகரு எனக்கு அடங்கி நடக்கணும். நான் அதுக்கு அடங்க மாட்டேன்."

சோற்றைக் குறைப்பது அவர் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. இட்லியில் ஒன்று, சோற்றில் ஒரு கரண்டி, மிச்சத்துக்கு முட்டை, மீன், கீரை, பொரியல். ஆனால் பன்? பேக்கரியைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் எரிச்சலில் கண்டக்டரோடு சண்டை.

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் மாரிச்செல்விதான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒரு அம்மா பாதாம் மாவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"பாதாமுக்கு எங்கட்டி போறது? நம்ம ஊர்ல கடலை இருக்கு, தேங்கா இருக்கு. அதுல வராதா?"

"வரும்மா, ஆனா பன்னு மாதிரி இருக்குமான்னு தெரியாது."

"அதைச் செஞ்சு பாத்துட்டுச் சொல்லுவோம்."

மகளின் பிறந்தநாள் கேக்குக்காக வாங்கிய சின்ன மின் அடுப்பு பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்தார். நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி மிக்ஸியில் போட்டார். கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டதில் மாவுக்குப் பதிலாக எண்ணெய் விட்ட விழுதாகிவிட்டது. மறுமுறை விட்டு விட்டு ஓட்டி மாவாக எடுத்தார். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை வெயிலில் காயவைத்துப் பொடித்துக் கலந்தார். முட்டை, தயிர், கொஞ்சம் சோடா உப்பு. அடுப்பிலிருந்து வந்தது தொட்டால் உதிர்ந்தது. மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல் உமியை மெடிக்கலில் வாங்கி, பிடிப்புக்காகச் சேர்த்தார். இப்போது உதிரவில்லை. கோந்து மாதிரி பல்லில் ஒட்டிக்கொண்டது.

கணவர் வேல்பாண்டி மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்தவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

"ஏட்டி, இத மிஷினுக்கு வாஷரா போடலாம்."

"போட்டுப் பாருங்க. ஆனா நாளைக்கும் சுடுவேன்."

சுட்டார். முட்டை நாற்றம் அடித்தது, குறைத்தார். மேலே கருகி உள்ளே வேகாமல் நின்றது, சூட்டைக் குறைத்தார். ஒரு நாள் கேசுக்குத் தடயம் எடுத்துப்போகிற மாதிரி ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஞானதுரையிடமே போய்விட்டார்.

"அண்ணாச்சி, நீரு பன்னு சுடுறவரு. இதுல என்ன கோளாறுன்னு சொல்லும்."

ஞானதுரை பிட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார். "மைதா இல்லாமலா? அது இல்லாம எப்படி ஏட்டம்மா எந்திரிக்கும்? மைதாவோட பசைதானே காத்தைப் பிடிச்சு வைக்கும்."

"எந்திரிக்க வேண்டாம். உக்காந்தே இருக்கட்டும். தின்னக்கூடியதா இருந்தாப் போதும்."

அவர் சிரித்துவிட்டார். அடுப்பிலிருந்து எடுத்ததும் பிட்டாரா என்று கேட்டார். ஆமாம் என்றதும், "அதான் ஒட்டுது. செத்த நேரம் ஆறவிடும். உருண்டையையும் சின்னதாப் பிடியும். பொறவு, இதுல வெங்காயத்தைப் பச்சையாப் போட்டீரோ? தண்ணி விடும். வதக்கிப் போடும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன் ஆறும்வரை மாரிக்கனி அடுப்படிப் பக்கமே போகவில்லை. வாசலில் துணி காயப்போட்டார், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டார். பிறகு ஒன்றைப் பிட்டார். கடைப் பன் மாதிரி பஞ்சாக இல்லை. ஆனால் மேலே மொறுமொறுப்பு இருந்தது, உள்ளே ஈரம் இருந்தது, மிளகாயும் கருவேப்பிலையும் சரியாக நாக்கில் ஏறின. டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து நிதானமாக ரெண்டு தின்றார். ரெண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தபோது சுகர் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. வேல்பாண்டி கேட்காமலே மூன்றாவது பன்னை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோசத்தில் மாரிக்கனி அளவு மீறிப் போனார். பன் கைவந்துவிட்டதே, இனி சோறு எதற்கு? அந்த ஒரு கரண்டியையும் ஒரு இட்லியையும் ஒரேயடியாக நிறுத்தினார். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ரெண்டு மூன்று தடவை மத்தியானத்தில் கை நடுங்கியது. டீ குடிக்காததால் என்று நினைத்துக்கொண்டார்.

ஆடிப்பூரத் தேரோட்டம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் கயிறு கட்டி நிறுத்தியிருந்த இடத்தில் மாரிக்கனிக்கு டூட்டி. கூட இருந்தவர் பியூலா, அவரைவிட இளைய போலீஸ்காரி. தேர் நிலையிலிருந்து கிளம்பி வர நேரமாகிவிட்டது. டிபன் டப்பாவைத் திறக்க வழியில்லை. வடம் பிடிக்கிறவர்களின் சத்தம் தெருமுனையில் கேட்டபோது, பியூலா திரும்பிப் பார்த்தாள். மாரிக்கனியின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கயிற்றுக்கு உள்ளே வந்துவிட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், வழக்கமான அந்தச் சத்தம் வரவில்லை. வாக்கிடாக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கையில் இருப்பது என்னவென்றே தெரியாதவர் போல அதைப் பார்த்தார்.

"அக்கா? அக்கா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லட்டி. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

பியூலாவின் அம்மாவுக்கும் சுகர் உண்டு. அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துப் பந்தலில் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கி ஓடிவந்தாள்.

"குடிங்கக்கா."

"வெல்லமா? சுகர்காரிக்கு வெல்லத்த நீட்டுதியே, கிறுக்கியாட்டி நீ?" நாக்கு குழறியது. கை டம்ளரைத் தள்ளியது.

"பொறவு என்னைய எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க. இப்பக் குடிங்க!" பியூலா ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு டம்ளரை வாயருகே வைத்தாள். மாரிக்கனி குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். ரெண்டு பேரும் ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருக்கையில் கண் முன்னே தேர் அசைந்து அசைந்து கடந்து போனது. அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய கூட்டத்தை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். ஆம்புலன்சில் இருந்த நர்ஸ் வந்து குத்திப் பார்த்தபோது, ரெண்டு டம்ளர் பானகத்துக்குப் பிறகும் சுகர் அறுபதைத்தான் தொட்டிருந்தது.

அழக்கூடியவர் இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பி அழுதார்.

வேல்பாண்டி பயந்துபோனார். அலமாரியிலிருந்த மாவு டப்பாக்களை எடுத்து வாசலில் வைத்தார். "போதும் இந்த வெளாட்டு. நாளைலருந்து ஒழுங்காச் சோத்தத் தின்னு."

மாரிக்கனி டப்பாக்களைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து அடுக்கினார். "மாவு என்ன செஞ்சுச்சு? கேக்காமச் செஞ்சது நான்ல. கேட்டுட்டுச் செய்வோம்."

டாக்டர் பானுப்பிரியா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பன்னையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். "நீங்க சாப்பிடுறது தப்பில்லம்மா. நீங்க போடுற ரெண்டு மாத்திரைல இந்த ஒண்ணு, நீங்க தின்னாலும் தின்னாட்டியும் சுகரை இறக்கிக்கிட்டே இருக்கும். சோத்தைக் குறைச்சா மாத்திரையையும் குறைக்கணும். அதை நான்தான் பண்ணணும், நீங்க இல்ல." ரத்தம் எடுத்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். அந்த மாத்திரையைப் பாதியாக்கினார், கொஞ்ச நாளில் அதையும் நிறுத்தினார். மற்றதைத் தொடரச் சொன்னார். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும், டூட்டி என்றாலும் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று கண்டித்தார்.

ஸ்டேஷனில் அவரை வெளி டூட்டியிலிருந்து எடுத்து உள்ளே உட்காரவைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நாற்காலியில் இருப்பது அவருக்கு ஜெயில் மாதிரி இருந்தது. தினமும் நடந்தார், குத்திப் பார்த்தார், சுட்டார், தின்றார். காரா பன் அலுத்தபோது எள்ளும் பெருஞ்சீரகமும் போட்டு பிஸ்கட் சுட்டார். தீபாவளிக்கு மகளோடு ஒரு துண்டு பால்கோவா தின்றார், அன்றைக்குச் சாயங்காலம் கூடுதலாக நடந்தார். அடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஒன்பதரையிலிருந்து ஆறே முக்காலுக்கு வந்திருந்தது. டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கி, அதை இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

"எங்க போகணும்ங்கீங்க ஏட்டம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க கூட்டம் சாஸ்தியோ அங்க, சார்."

மார்கழியில் ஞானதுரை ஒரு யோசனையோடு வந்தார். சனிக்கிழமைதோறும் ஒரு தட்டு இந்தப் பன்னைத் தன் அடுப்பில் சுட்டு விற்கலாமா என்று கேட்டார். மில்லில் இருந்தும் கடைத்தெருவில் இருந்தும் சுகர்காரர்கள் நிறையப் பேர் தன் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை அவர் பார்த்திருக்கிறார். முதல் தட்டு அன்றைக்கு மாரிக்கனி மப்டியில் போய் நின்று மாவைத் தொட்டுப் பார்த்தார், உருண்டைகளின் அளவைப் பார்த்தார். ஞானதுரை ஒரு அட்டையில் 'சர்க்கரை நோயைப் போக்கும் பன்' என்று எழுதிக் கொண்டுவந்தார்.

"அத அழிச்சிரும் அண்ணாச்சி. இது ஒரு நோயையும் போக்காது. கடலை, தேங்கா, முட்டைன்னு உள்ளதை எழுதும். மாத்திரை போடுறவிய டாக்டர்ட்ட கேட்டுட்டுத் தின்னணும்னு கீழ எழுதும். பெரிசா எழுதும்."

"இம்புட்டும் எழுதினா எவன் வாங்குவான் ஏட்டம்மா?"

"வாங்குறவன் வாங்குவான். எழுதும்."

ஞானதுரை வேறு அட்டை எடுக்க உள்ளே போனார். தட்டு ஆறிக்கொண்டிருந்தது. தொடப்போன ஒரு ஆளை மாரிக்கனி ஒரே சத்தத்தில் ஒரு அடி பின்னால் நிறுத்தினார்.