கையில் ஆறிய பெயர்

என் கணவரின் பெயரை நான் வாயால் சொன்னது ஒரே ஒரு தடவைதான். கோயிலில், பீடத்துக்கு முன்னால், சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில் சொன்னேன். அதுவும் பக்கத்தில் நின்ற அவருக்கே கேட்டிருக்காது. எங்கள் சாந்தோம் வேதக்காரக் குடும்பங்களில் சேசு மரி சூசை என்று மூச்சுக்கு மூச்சு சொல்வோம். புருஷன் பெயரைச் சொன்னால் மட்டும் அவருக்கு ஆயுசு குறைந்துவிடும். எந்தச் சாமியாரும் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனாலும் பத்துக் கட்டளைகளைவிட இதைத்தான் நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். இப்போது எழுதுவதற்கும் கை வரவில்லை.

அவருக்கு வைத்திருந்தது எங்கள் பேட்டைக்கே சொந்தமான, சேசுவின் சீடர் ஒருவரின் பெயர். கடல் கடந்து இங்கே வந்து, பரங்கிமலையில் ஈட்டியால் குத்துப்பட்டு உயிர்விட்டவர் அந்தச் சீடர். அதனால் எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்ப்பார்கள்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே யுத்தம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. துப்பாக்கி பிடிக்க அல்ல, பட்டாளத்து ஆபீஸில் டைப் அடிக்கத்தான். ஆனால் யார் சிப்பாய், யார் டைப்பிஸ்ட் என்று குண்டுக்குத் தெரியுமா? வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மாமியார் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த முதுகு, அளந்த பேச்சு. மகன் ரயிலேறிய பிறகு அந்த அளந்த பேச்சும் பாதியாகிவிட்டது. முக்கியமாக, மகனின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். செபமாலை முடிவில்கூட "தூரத்தில் இருக்கிறவர்களுக்காக" என்று பொதுவாகத்தான் வேண்டிக்கொள்வார். பெயரைச் சொன்னால் உடைந்துபோவோம் என்று பயந்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் சொல்லக் கூடாது. சொல்லக் கூடியவரும் சொல்ல மாட்டேன் என்கிறார். அந்தப் பெயர் காதில் விழாத வீட்டில் அவர் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று நான் எப்படி நம்புவது?

அந்த வயிற்றெரிச்சலோடு, அவர் போய் ஒரு மாதம்கூட ஆகாத ஒருநாள், மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனேன். ஒரு படகின் நிழலில் பச்சை குத்துகிறவள் உட்கார்ந்திருந்தாள். மீன்காரப் பெண்கள் சுற்றி நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, கூடையைக் கீழே வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா குத்தணும்?" என்றாள்.

"வீட்டுக்காரர் பேரு."

"எய்த்தெல்லாம் நமக்கு வராதும்மா. படம்னா குத்துவேன். பேரு இன்னான்னு சொல்லு, அதுக்கு ஏத்தாப்புல எதுனா போட்றேன்."

பெயரைச் சொல்லு என்றால் நான் எங்கே போவேன்? "மலைமேல இருக்கிறவர் பேருதான் அவருக்கும். அவரோட அடையாளத்தைப் போடு" என்றேன். பரங்கிமலைக் கோயிலின் கற்சிலுவைதான் என் மனதில் இருந்தது.

"அட, இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அவரு நம்ம சாமியாச்சே!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

பரவாயில்லையே, எங்கள் புனிதரை இவள்கூட நம்ம சாமி என்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை. ஊசிகளைச் சேர்த்துக் கட்டி மையில் தோய்த்துக் குத்த ஆரம்பித்ததும் பெருமை பறந்துவிட்டது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தேன். முடிந்தபோது முழங்கைக்குக் கீழே ரத்தமும் மையும் கலந்த ஒரே கறுப்புத் திட்டு. அதன்மேல் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துப் பூசிவிட்டுச் சொன்னாள்: "தெனம் கொதிச்சு ஆறுன தண்ணில கய்வு. எண்ணெ பூசு. அரிக்கும், சொறிஞ்சிடாத. ஆறுற வரிக்கும் கருவாடும் கத்திரிக்காயும் தொடாத. பொருக்கு தானா உதிர்ந்தா படம் பளிச்சுனு தெரியும்."

அன்றிலிருந்து முழுக்கை ஜாக்கெட் போட்டேன். சென்னை வெயிலில் முழுக்கை போடுகிறவளுக்குப் பைத்தியம் என்று பெயர். கொசுக்கடி என்று சொல்லிச் சமாளித்தேன். குளிக்கும் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கையைக் கழுவி, தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் திருடிப் பூசுவேன். ஆனாலும் கை வீங்கியது. தொட்டால் நெருப்பாகக் கொதித்தது. சீழ் வைத்துவிடுமோ, கையையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்து செத்தேன். அவர் திரும்பி வரும்போது பெயரும் இல்லாமல் கையும் இல்லாமல் நிற்பேனோ என்று நினைத்து அழுதேன். வீக்கம் வடிந்ததும் அரிப்பு பிடித்துக்கொண்டது. வீக்கமே தேவலை என்று ஆகிவிட்டது. செபமாலை சொல்லும்போது மணிகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், விரல்கள் அந்தப் பக்கம் போய்விடாமல் இருக்க.

இதற்கு நடுவில்தான் கருவாடு வந்து வினையாக முடிந்தது. எங்கள் வீட்டில் கருவாடும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தால் நான் சட்டியை வழித்துத் தின்கிறவள். அப்படிப்பட்டவள் ஒரு முறை வேண்டாம் என்றேன், மறுமுறையும் வேண்டாம் என்றேன். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"தலை சுத்துதா?"

கை வீங்கிய காய்ச்சலில் சுற்றத்தான் செய்தது. "ஆமா அத்தை" என்றேன்.

அந்த முகத்தில் மகன் போன பிறகு முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. மறுநாளிலிருந்து எனக்குத் தம்ளர் நிறையப் பால். குடம் தூக்காதே, குனியாதே என்று கெடுபிடி. இது எதற்கு என்று புரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அப்படி எதுவும் இல்லை என்று எனக்கல்லவா தெரியும்! இல்லை என்று சொல்லப் போனால் கருவாட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் கையைக் காட்ட வேண்டும். வாய் திறக்காமல் பாலைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கழுவும்போது பொருக்கு உதிர ஆரம்பித்தது. அடியில் தோல் வெங்காயச் சருகுபோல் பளபளத்தது. கை பிழைத்தது என்று சிலுவை போட்டுக்கொண்டேன். ஆசை ஆசையாகப் பார்த்தால், மேல் பக்கத்தில் சிலுவையின் குறுக்குக் கட்டையைக் காணோம். அரசிலைபோல் அகன்று கூர்மையாக ஒரு முனை, அதற்குக் கீழே நீளமாக ஒரு கம்பு. வேல்! சாட்சாத் முருகனின் வேல்! "நம்ம சாமி" என்று அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தெரிந்த மலையில் இருக்கிறவர் வேறு ஆள். நான் குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோயில் மெழுகுவர்த்தி வாசனை மாறாத வீட்டில், வேலைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படி வாழ்வது?

வெளியே வந்ததும் மாமியார், "சாயங்காலம் மருத்துவச்சியை வரச் சொல்லியிருக்கேன்" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, குழந்தை இல்ல அத்தை. இதுதான்" என்று ஜாக்கெட் கையை மேலே தள்ளிக் காட்டினேன்.

அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் போனதைப் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்குப் பதில் அடியே வாங்கியிருக்கலாம். பிறகு என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"என்னடி இது?"

"அவங்க பேரைத்தான் குத்தச் சொன்னேன். பேரை எப்படி அத்தை நான் சொல்வேன்? மலைமேல இருக்கிறவர் அடையாளம்னு சொன்னேன். அவ முருகன்னு நினைச்சு வேலைப் போட்டுட்டா" என்று தேம்பினேன்.

மாமியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்போல் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ கோயிலுக்குப் போறியே, தலையை நிமிர்த்திப் புனிதரோட சுரூபத்தைப் பார்த்ததே கிடையாதா? அவர் கையில என்ன இருக்கு?" என்றார்.

யோசித்தேன். சுரூபத்தின் கையில் அவரைக் கொன்ற ஆயுதம் இருக்கிறது. "ஈட்டி" என்றேன்.

"பின்னே இது என்ன?"

விரலால் அந்தக் கூர்முனையை மெல்லத் தொட்டார். தொட்டபடியே, எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவர்போல், தன் மகனின் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அழுதார். நானும் அழுதேன். என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் அப்போதுதான் இறங்கியது.

அன்று மருத்துவச்சிக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். "தோல் இன்னும் உரியுது, நீட்டு" என்று கையை வாங்கிப் பெயரைச் சொல்லிச் சொல்லித் தடவினார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். தோல் உரிவது நின்று, மை உள்ளே இறங்கிப் பச்சையாகிக் கை சுத்தமாக ஆறிவிட்டது. நான் மட்டும் "இன்னும் அரிக்குது அத்தை" என்று நீட்டிக்கொண்டே இருந்தேன். அவரும் நம்பியதுபோலத் தடவிக்கொண்டே இருந்தார். சில நாள் அவர் குரல் ஓங்கிவிட்டால் எதிர்வீட்டுக்காரர் "என்னங்க டீச்சர்?" என்று கேட்பார். அவருக்கும் அதே பெயர். "உங்களை இல்ல" என்று மாமியார் பதில் சொல்வார்.

யுத்தம் முடிந்த பிறகும் அவரைப் பற்றித் தகவல் இல்லாமல் ஒரு மழைக்காலம் போனது. அப்போதும் கிண்ணம் வந்தது, நான் கையை நீட்டினேன். ஒரு சாயங்காலம் மாமியார் வழக்கம்போல் ஈட்டியின் முனையில் எண்ணெயை வைத்துப் பெயரைச் சொன்னார். வாசலில் இருந்து, "என்னம்மா?" என்று குரல் வந்தது.

"உங்களை இல்ல" என்றார் மாமியார், தலையை நிமிர்த்தாமலே.

"பின்னே யாரை?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார்.