சிவப்பு மாடியும் இருபத்தஞ்சு ஏ சீட்டும்

நான் ஆறாவதோடு படிப்பை விட்டவன். இன்றைக்கு என் கையில் முப்பது பேர் சம்பளம் வாங்குகிறார்கள். மொட்டை மாடி ஒழுகாமல் வெள்ளைப் பூச்சு பூசுகிற தொழில். மேலே இருந்து பார்த்தால் இந்த ஊரில் வெள்ளையாகத் தெரிகிற மாடிகளில் பாதி என் ஆட்கள் பூசியது. நாற்பது தடவை விமானத்தில் போனவன், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் கதையை எழுதினால் ஒரு புஸ்தகம் பத்தாது. இது என் தம்பியின் கதை.

தம்பியும் என்னிடம்தான் பூச்சு வேலை செய்கிறான். வாயே திறக்கமாட்டான். மனைவி இறந்துபோய் ஒன்பது வருஷம். ஒரே மகள், நர்ஸ். அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் எனக்குத் தெரிந்த டிக்கெட் கடைக்கு அவனைக் கூட்டிப் போனேன். நான் போனால் அங்கே எழுந்து நிற்பார்கள்.

“ஜன்னல் சீட்டு வேணும். இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால” என்றான் தம்பி.

“வலது பக்கம் உக்காந்தா கடல் தெரியும் சார். எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க” என்றாள் டிக்கெட் போடுகிற பெண்.

“கடல் இருக்கட்டும்மா. எங்க வீடு இடது பக்கம்தான் தெரியும்.”

அவன் வீடு விமான நிலையத்தின் பின்பக்கம். ஒரு மாதமாக மாடியில் நின்று, கிளம்புகிற விமானத்தையெல்லாம் பார்த்திருக்கிறான். ஒவ்வொன்றும் அவன் வீட்டை இடது பக்கம் விட்டுத்தான் ஏறியதாம். இருபத்தஞ்சு ஏ என்று முடிவானது.

அதோடு விட்டானா? தெரு முழுக்க வெள்ளை மாடி. மகளுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று தன் மாடிக்கு மட்டும் சிவப்பு அடித்தான்.

“என்னப்பா, ஹெலிகாப்டர் இறங்கப் போகுதா?” என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். இவன் பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கிளம்புகிற அன்று அவன் எங்களோடு வரவில்லை. விமான நிலைய வாசலுக்கு ரோட்டில் சுற்றிக்கொண்டு போக ஒன்றரை மணி நேரம். வழியில் மாட்டிக்கொண்டால் மாடிக்கு எப்படி வந்து சேர்வது? வீட்டு வாசலிலேயே, “சரி சரி, நேரமாச்சு, ஏறு” என்று மகளைக் காரில் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டு உள்ளே போய்விட்டான்.

“பெரியப்பா, அப்பா என் முகத்தைக்கூடச் சரியா பார்க்கல” என்று வழியெல்லாம் அழுதாள்.

“மாடியில நின்னு பார்த்துக்கலாம்னு இருக்கான்மா, பைத்தியக்காரன்” என்றேன்.

அவளை விட்டுவிட்டு நேராக அவன் வீட்டுக்கு வந்தேன். உச்சி வெயிலில் சிவப்பு மாடி நடுவில் தனியாக நின்றான். தலைக்கு மேல் ஒன்றும் பறக்கவில்லை. தூரத்தில், எதிர்ப்பக்கம், ஈ மாதிரி ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்தன.

விமான நிலையத்தில் எனக்கு ஆள் இல்லாமலா? போன் போட்டேன். காற்று திசை மாறிவிட்டதாம். காற்றுக்கு எதிராக ஓடித்தான் விமானம் மேலே ஏறுமாம். நாற்பது தடவை போன எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சொன்னேன். “அப்ப அவ ஜன்னல்ல என்ன தெரியும்?” என்றான்.

“எனக்கென்னடா தெரியும்? ஏதாவது தெரியும்.”

விமான நேரம் தாண்டியும் அவன் இறங்கவில்லை.

மறுநாள் மகள் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். “அப்பா, பார்த்தேன்பா! சிவப்பா நல்லா தெரிஞ்சுது. நீங்க கை காட்டுனீங்க!”

“ஆமாம்மா. ரெண்டு கையும் காட்டினேன்.”

போனை வைத்ததும் என்னைப் பார்த்தான். “எங்கிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதே இல்லண்ணே அவ.”

என் வீட்டில் எட்டு அறை. “வந்து இருடா” என்றேன். வரமாட்டேன் என்றுவிட்டான். இப்போது மாடிக் குழாயில் ஒரு துணியைக் கட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தினமும் பார்க்கிறான். மகள் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். அப்போது எந்தப் பக்கம் சீட்டு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை என்கிறான்.